நெல் அவித்த பீப்பாய்

சண்டிலிப்பாய்
14.8.1992

அன்பு மகன் பஞ்சலிங்கத்துக்கு,

முருகன் துணையால் நீயும் மருமகளும் பேரனும் கனடாவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் நடமாடித் திரிகிறோம். தங்கச்சி பத்மாசினிக்குத்தான் சுகமில்லை. வழக்கம்போல எல்லோரும் நலம் என்று எழுதினால் நீ மாப்பிள்ளை வீட்டாருக்கு நாள் சொல்லிவிடுவாய், ஆகையால் முதலிலேயே சொல்கிறேன், அவளை இந்த மாதம் கிளாலிக் கடலால் கொழும்புக்கு அனுப்ப மாட்டேன். அவளுக்குச் செங்கமாரி, கண் மஞ்சளாகிக் கிடக்கிறாள். ஆஸ்பத்திரிக் குப்பையில் கிடந்த ஊசி குத்தி வந்தது.

அவள் தாதியாக இருக்கும் ஆஸ்பத்திரியில் இரத்தத் துணி, பஞ்சு, ஊசி, சேலைன் குழாய் எல்லாவற்றையும் முன்பு பின்வளவுக் கிடங்கில் மண்ணெண்ணெய் ஊற்றி எரிப்பார்கள். இப்போது விளக்குக்கே மண்ணெண்ணெய் இல்லை. ஒருநாள் பழைய ரயர் போட்டு எரித்தார்கள், கரும்புகை எழும்பியது, ஆமியின் ஹெலி சுற்றிவந்து சுட்டுவிட்டுப் போனது. அதன்பிறகு யாரும் நெருப்பு வைக்கவில்லை. மண்ணுக்குள் தாட்டுவிடலாம் என்றால் இது சுண்ணாம்புக்கல் பூமி, இன்றைக்குத் தாட்டது நாளைக்குப் பக்கத்துக் கிணற்றில் ஊறும். குப்பை குவிந்தது. கூட்டித் துடைக்கும் சின்னாச்சி வெறுங்காலோடு ஊசியில் மிதித்தாள், இரண்டு மூன்று மாதத்தில் கண் மஞ்சளாகிச் செத்துப்போனாள். அதற்குப் பிறகு கூட்ட யாரும் வரவில்லை. உன் தங்கச்சி கையால் அள்ளத் தொடங்கினாள்.

கேள்விப்பட்டதும் டொக்டர் கனகரத்தினத்தோடு சண்டை பிடிக்கப் போனேன். என்ரை பிள்ளையைக் குப்பை அள்ளவோ படிப்பிச்சனான் என்று கேட்டேன். மனிசன் கோபிக்கவில்லை. எரிக்கத்தான் வேணுமெண்டில்லை அண்ணை, நல்ல நீராவியிலை அவிச்சால் கிருமி செத்துப்போம், உங்கடை அரிசி ஆலையிலை பொயிலர் இருக்கு, எனக்கு அதுதான் வேணும் என்றார். நெல் அவிக்கிற இடத்தில் இதை அவித்தால் என் அரிசியை யார் வாங்குவார், முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் இவள், சரி அப்பா, நான் கையாலையே அள்ளுறன், நீங்கள் அரிசி வில்லுங்கோ என்றாள். அந்த வாய் என்னுடையது, யாரை நோக. ஆலைக்குப் பின்னால் ஒரு பழைய பீப்பாயை ஒதுக்கி, தனிக் குழாய் இழுத்துக் கொடுத்தேன். கூரைக்குள் உமி எரிகிற அடுப்பு, மேலே தெரிகிற புகை இல்லை.

முதல்நாள் ஆலைப் பெடியள் நெல்லை அமத்துகிறதுபோலக் குப்பையை விளிம்புவரை அமத்திவிட்டார்கள். பத்மாசினி சோதித்துப் பார்க்க ஒரு பிடி நெல்லைச் சீலையில் முடிந்து நடுவில் வைத்திருந்தாள். திறந்தால் மேலே கை வைக்க முடியாத சூடு, நடுவில் இருந்த நெல் உமி வெடிக்காமல் பச்சையாகக் கிடந்தது. நெல்மணிக்கு இடையில் ஆவி ஏறும், ஈரத் துணியும் பிளாஸ்ரிக் சொப்பின் பையும் கட்டியாகி ஆவியை மறித்துவிடும். பிறகு அரைப் பீப்பாய்தான், தளர்வாகப் போட்டு, நடுவில் துளையிட்ட குழாய் நட்டோம். உமி வெடிக்குமளவுக்கு அவிந்த பிறகும் ஒரு மணித்தியாலம் விடவேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. ஊசிகளைத் தனியாகப் பால்மா ரின்னில் அவித்து, சுண்ணாம்பு நிரப்பி, மூடியை அடித்துவிடுகிறோம். வெட்டி எடுத்த கை கால்களை அதற்குள் போடுவதில்லை, அவை மயானத்துக்குப் போகும். கிழமைக்கு எத்தனை தரம் என்று கேளாதே.

நான் பயந்ததுதான் நடந்தது, நெல் வருவது நின்றுவிட்டது. ஆழ்வாப்பிள்ளை அவிக்கத் தந்த தன் நெல் மூட்டைகளைத் திருப்பி ஏற்ற வந்து, முருகேசு, உன்ரை அரிசியோடை ஊசியும் வருமோ என்று பகிடி விட்டான். உனக்கெண்டால் ஊசியைத் தனியாக் கட்டித் தாறன் என்றேன். சிரித்தான், சிரித்துக்கொண்டே மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். போகட்டும். பீப்பாய் வந்தபின் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் ஊசி குத்தவில்லை. தங்கச்சிக்குக் குத்தியது அதற்கு முன்னர், கையால் அள்ளிய நாட்களில். ஒருவருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டாள். யூலை முடிவில் கண் மஞ்சளானபோதுதான் எங்களுக்குத் தெரியும். கனபேர் தப்பிவிடுவார்கள், சிலர் தப்புவதில்லை, இங்கே இரத்தம் சோதிக்க வழியில்லை என்கிறார் டொக்டர். தப்பினாலும் சிலருக்குக் கிருமி உடம்பில் தங்குமாம், தாலி கட்டுகிறவனுக்கும் தொற்றலாமாம்.

ஆகையால் மாப்பிள்ளை தியாகலிங்கம் தம்பியை நீ நேரில் பார்த்து உள்ளதைச் சொல்லு. காய்ச்சல், பயணம் பிந்துகிறது என்று சாட்டுச் சொல்லாதே. நான் வியாபாரிதான், ஆனால் இவள் பழுதை மறைத்துத் தள்ளிவிடுகிற சரக்கு இல்லை. அந்த நாட்டில் இதற்குத் தடுப்பூசி இருக்கிறதாம், அதையும் விசாரித்துச் சொல்லு. அவர் வேண்டாம் என்றால் சண்டை பிடிக்காதே, அவரும் ஒரு தாய்க்குப் பிள்ளை. கொழும்புக்கு வருகிற யாரிடமாவது தடித்த றப்பர் கையுறை கொடுத்துவிடு, மறந்துவிடாதே, தங்கச்சிக்குப் பதிலாக இப்போது குப்பை அள்ளுகிற இரண்டு பிள்ளைகளுக்கும் கையில் ஒன்றும் இல்லை. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடு வாழ அந்த முருகன் அருள்வான்.

அயலார் கதையைக் கேட்டு உன் அம்மா இவளுக்கு ஒரு சோற்றுக் கோப்பை புறம்பாக வைத்திருக்கிறாள். சேர்ந்து சாப்பிடுவதால் இது தொற்றாது என்று டொக்டர் சொல்லியும் கேட்கவில்லை. பிள்ளை அதைத் தானே கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள், பசிக்கவில்லை என்கிறாள். அந்தக் கோப்பையில் நான் முதலில் ஒரு வாய் சாப்பிட்டால்தான் அவளும் இரண்டு வாய் சாப்பிடுகிறாள். சோறு ஆறுகிறது, நான் போகவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
வ. முருகேசு