தொப்பூர் என்று எழுதிய கேசட்

உன் மகள் நேற்று கடைக்கு வந்திருந்தாள். கையில் பழைய பிஸ்கட் டின். "பெரியப்பா, அப்பாவோட கேசட்டுங்க. வூட்ல இருந்தா அம்மா பாத்துப் பாத்து அழுவுது. நீங்களே வச்சுக்கங்க" என்றாள். மூடியைத் திறந்தேன். உன் டெம்போவின் டீசல் வாசனை அப்படியே முகத்தில் அடித்தது. தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன்.

பெங்களூரில் லோடு இறக்கிவிட்டு, நடைபாதைக் கடையில் யாரும் சீந்தாத கேசட்டாகப் பார்த்துப் பொறுக்குவாயே, அவைதான். கிரஞ்ச் என்கிற அந்த இங்கிலீஷ் ராக் பாட்டு என்றால் எல்லோரும் அதே இரண்டு மூன்று பேண்டைத்தான் சொல்வார்கள். உனக்கு அவர்கள் ஆகாது. "பெரிய பேண்டக் கேக்க ஒலகமே இருக்குதுடா. ஓரத்துல நின்னு வாசிச்சவன யாரு கேக்கறது?" என்பாய். அட்டை இருக்காது, மேலே எழுத்தும் அழிந்திருக்கும், ஆகவே பெயரும் நீயே வைப்பாய். மூக்கடைத்த குரலில் பாடுகிறவன் 'சளிக்காரன்'. மூன்று பெண்கள் கத்தித் தீர்க்கிற பேண்டு 'அக்காமாரு'. எல்லாவற்றிலும் உசத்தி 'தொப்பூர்'. லோடு லாரி தொப்பூர்க் கணவாய் ஏறுகிற மாதிரி கிட்டார் முக்கி முக்கி ஏறும். உச்சிக்கு வந்ததும் டிரம் தடதடவென்று இறங்கும். "இங்கதான்டா, இங்கதான்!" என்று ஸ்டியரிங்கைத் தட்டுவாய். எனக்கு எரிச்சலாக வரும்.

அந்தக் கேசட்டைக் கெடுத்தது நான்தான்.

பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளியைக் கேட்க நாதியில்லாமல் கிடந்த வாரம் அது. மாரண்டஹள்ளியில் தெருத்தெருவாய் நாமே விற்கலாம் என்றாய். ஸ்பீக்கரில் போட ஒரு கேசட் வேண்டும். உன் வண்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். பாட்டுக் கேசட்டில் வேறு எதுவும் பதிய முடியாதபடி முதுகில் ஒரு ஓட்டை இருக்கும். அதன்மேல் செல்லோடேப்பை ஒட்டி, டேப்ரெக்கார்டரில் போட்டுவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். "பேசுடா, உனக்குத்தான் தொண்டை." நீயும் சிரித்துக்கொண்டே பேசினாய். "தக்காளி! தக்காளி! ஆத்தா, அக்கா, கூடையோட ஓடி வாங்க!"

கொஞ்சம் பின்னால் ஓட்டிப் போட்டுப் பார்த்தோம். தொப்பூர் பாட்டு முக்கி முக்கி ஏறியது. உச்சிக்கு வந்தது. டிரம் விழ வேண்டிய இடத்தில் உன் "தக்காளி!" விழுந்தது. உன் முகம் செத்துப் போனது. "தெரியாம எடுத்துட்டேன்டா" என்றேன். "போவட்டும் வுடு. வேற எங்கியாச்சும் கெடைக்கும்" என்றாய். எங்கே கிடைக்கும்? பெயர் தெரிந்தால்தானே தேடுவதற்கு! அதற்குப் பிறகு நடைபாதைக்காரர்களிடமெல்லாம் அந்தக் கிட்டாரை வாயாலேயே வாசித்துக் காட்டிக் கேட்டாய். அவர்கள் சிரித்தார்கள்.

இருபது வருஷமாகச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். தெரியாமல் எடுக்கவில்லை. 'தொப்பூர்' என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் எடுத்தேன். ஓசூர் போய்த் திரும்பும்வரை பக்கத்து சீட்டில் இருக்கிற என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் பாட்டிலேயே கிடப்பாய். பொறாமைடா. முகம் தெரியாத நாலு பேர்மேல் பொறாமை. ஆனால் அதற்கப்புறம் என் எதிரில் நீ பாட்டே போடவில்லை. பேச்சும் கூடவில்லை. சும்மாவே போய்ச் சும்மாவே வந்தோம். போன வருஷம் மார்க்கெட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஆம்புலன்ஸில் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதும் இதைச் சொல்ல வாய் வரவில்லை, பாவி எனக்கு.

நேற்று உன் மகளுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். பாட்டு ஏறும்போதே, பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஆப்பைத் திறந்து போனை ஸ்பீக்கர் அருகில் வைத்தாள். "பெரியப்பா, கண்டுபுடிச்சிருச்சு!" பேண்டின் பெயர், பாட்டின் பெயர், முழு ஆல்பம், எல்லாம் இருக்கிறது. நீ ஊரெல்லாம் வாசித்துக் காட்டித் தேடியது ஒரு நிமிஷத்தில் அகப்பட்டது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை.

அதற்குள் கேசட்டில் உன் குரல் வந்துவிட்டது. "ஆத்தா, அக்கா, கூடையோட ஓடி வாங்க!" அந்தப் பிள்ளை போனை அப்படியே கீழே வைத்தாள். அவள் பிறப்பதற்கு முந்தைய உன் குரல். "அப்பா பேசுனது எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல பெரியப்பா. போன்லகூட இல்ல. இத மட்டும் நான் எடுத்துட்டுப் போறேன்" என்று அழுதாள். நான் செய்த துரோகம்தான் அவளுக்கு அப்பாவாக மிஞ்சியிருக்கிறது. கொடுத்துவிட்டேன். ஒட்டிய செல்லோடேப் மட்டும் மஞ்சளாகிக் கையோடு உரிந்து வந்தது. சட்டைப்பையில் இருக்கிறது.

பாட்டை என் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். இன்று காலை கடையைத் திறந்ததும் போட்டேன். நீ பிறகு கேட்கவே முடியாமல் போன முழுப் பாட்டு. கிட்டார் முக்கி முக்கி ஏறியது. உச்சிக்கு வந்தது. இங்கதான்டா, இங்கதான் என்று நானே மேசையைத் தட்டினேன். டிரம் விழுந்தது. நீ சொன்னது சரிதான், என்ன அடி அது!

ஆனால் நான் உன் "தக்காளி!"க்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.