மேலகரம் சுவரில் நின்ற மேஜர்

புது லேபிளின் மாதிரி ஒன்று போன வாரம் சென்னையிலிருந்து கூரியரில் வந்தது, சார். உறையைப் பிரித்தால் நீங்கள் இருக்கிறீர்கள். பட்டாள மேஜரின் முழு உடுப்பில், தொப்பியோடு, நெஞ்சில் பதக்க நாடாக்களோடு. படத்துக்குக் கீழே நம் தேங்காய் எண்ணெயின் பெயர். புது மையின் வாடை அறை முழுக்கப் பரவியது. சாரல் அடித்ததால் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. வாடையோடு உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் இறந்தபின் வரும் இரண்டாவது சாரல் சீசன் இது. கம்பெனியை உங்கள் மகன் சென்னைக்காரர்களுக்கு விற்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் தென்காசியில் அதே மேஜையில் இருக்கிறேன். படத்தைப் போட உங்கள் வீட்டம்மாவின் கையெழுத்து வேண்டுமாம். மகன் சம்மதித்துவிட்டார். அம்மாவிடம் பேசி வாங்கித் தர வேண்டியது என் வேலை.

உங்களை இப்போது முன்னோடி என்கிறார்கள். கூட்டங்களில் இளைஞர்கள் உங்களைப் பற்றிப் படம் போட்டுப் பேசுகிறார்கள். தகர டின்னிலிருந்து அளந்து ஊற்றிக்கொண்டிருந்த எண்ணெயைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து, கடை வாசலில் சரமாகத் தொங்கவிட்டது இந்தப் பக்கத்தில் முதலில் நீங்கள்தான். அருவிக்குப் போகிறவன் தலைக்கு ஒரு தடவைக்கு மட்டும் வாங்குவான் என்று கணக்குப் போட்டதும் நீங்கள்தான். அதையெல்லாம் சரியாகவே சொல்கிறார்கள். காலை வரிசையைப் பற்றி மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஏழரை மணிக்கு விற்பனைப் பையன்கள் கிடங்கு வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். நேற்று எவ்வளவு விற்றது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். "நேத்து என்ன திட்டு வாங்கினே?" என்பீர்கள்.

"வடகரைக் கடை அண்ணாச்சி, ஒங்க எண்ணெய கதவுக் கீலுக்குத்தாம்லே விடணும்னு சொல்லுதாரு சார்."

"ஏனாம்?"

"குளிருக்கு உறைஞ்சு போச்சாம். பாக்கெட்ட அமுக்குனா சோப்பு மாதிரி வருதாம்."

"சரி. அடுத்தவன்?"

"எனக்குத் திட்டே கிடைக்கல சார்."

"அப்ப நீ கடைக்கே போகல."

வரிசை முழுக்கச் சிரிக்கும். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கி, மாதிரிக் கணக்கெடுப்பு, சதவீதம் என்று வந்தவள் நான். "ஏம்மா புள்ளிவிவரம், நீ என்ன திட்டு வாங்கினே?" என்று என்னையும் விடமாட்டீர்கள். பாதி நாடகம் என்று உங்களிடமே சொல்லியிருக்கிறேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். "எல்லாம் நல்லாருக்குன்னு வந்த ரிப்போர்ட்ட ஒரு தடவை நம்பிட்டேம்மா" என்று ஒரே ஒரு நாள் சொன்னீர்கள். எந்த இடம், யாருக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பட்டாளத்தைப் பற்றி நீங்கள் பேசி நான் கேட்டது அவ்வளவுதான்.

பிறகு அந்தச் சுவர். குற்றாலம் போகும் சாலையில், மேலகரத்தில் ஒரு நீளச் சுவரை விளம்பரத்துக்குப் பிடித்திருந்தோம். எண்ணெயின் பெயரும் ஒரு தென்னை மரமும் போதும் என்று பெயிண்டரிடம் சொல்லியிருந்தோம். அவருக்கு உங்கள் மேல் தனிப் பிரியம். தென்னை மரத்தடியில் உங்களை உடுப்போடு நிறுத்தி, ஒரு கையில் எண்ணெய்ப் பாட்டில் கொடுத்து, மறுகையால் சல்யூட் அடிக்க வைத்துவிட்டார்.

வண்டியை விட்டு இறங்கி நீங்கள் சுவருக்குக் கிட்டே போனீர்கள்.

"மீசை நல்லா வந்திருக்குல்லா சார்?" என்றார் பெயிண்டர்.

"நல்லாத்தான் வந்திருக்கு. சுண்ணாம்பு இருக்கா?"

"எதுக்கு சார்?"

"அடிச்சிரு. அந்த உடுப்ப எண்ணெய் விக்கவா குடுத்தாங்க?"

பெயிண்டர் முகம் விழுந்துவிட்டது. கூலியைக் குறைக்காமல் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்தீர்கள். ஆனால் குற்றாலச் சீசன் தொடங்கியிருந்தது. சாரலில் சுண்ணாம்பு எங்கே காயும்? ஒரு வாரத்தில் மீசை வெளியே வந்தது. மறுபடி அடித்தோம். அடுத்து தொப்பி வந்தது, பிறகு பாட்டில் பிடித்த கை. சீசன் முழுக்க நீங்கள் சுண்ணாம்புக்குள்ளிருந்து துண்டு துண்டாக வந்துகொண்டே இருந்தீர்கள். பையன்கள் போகும்போதும் வரும்போதும் அந்தச் சுவருக்கு ஒரு சல்யூட் வைத்தார்கள்.

அந்த வருடம் எண்ணெய் நன்றாக ஓடியது. கணக்கைப் போட்டுக்கொண்டு உங்கள் அறைக்கு வந்தேன்.

"சார், அந்தப் படம்தான் வித்துருக்கு."

"இருக்கலாம்."

"அப்ப அடுத்த சீசனுக்கு விட்டு வைக்கலாமே?"

"விக்கும்னு தெரிஞ்சுதாம்மா வேண்டாம்ங்கேன்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. நல்லவராக இருப்பதை வசதி உள்ளவர்கள் வைத்துக்கொள்ளும் ஆடம்பரம் என்று அப்போது நினைத்தேன். சம்பளத்துக்கு இருக்கிறவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

நேற்று லேபிளை எடுத்துக்கொண்டு மேலகரம் வீட்டுக்குப் போனேன். அம்மா மறுத்துவிடுவார்கள், அதைச் சாக்காக வைத்துத் தப்பிக்கலாம் என்பதுதான் என் எண்ணம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள்.

"இது கடையிலல்லாம் தொங்குமா?"

"தொங்கும்மா."

"பஸ் ஸ்டாண்டு கடையிலயும்?"

"எல்லா இடத்துலயும்."

"அப்ப நல்லதுதான. வெளிய போனா ஒரு எட்டு பாத்துக்கிடலாம்."

அம்மா என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களே கேட்டார்கள்: "ஏன் ஒரு மாதிரி இருக்க? அவரு இருந்தா என்ன சொல்லிருப்பாரு? வேலையில கூட இருந்தவ நீதான."

சுவர்க் கதையைச் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டார்கள். "அந்தச் செவத்துப் படமா! தென்காசிக்கு பஸ்ஸுல போறப்பல்லாம் அந்தப் பக்கத்து சீட்டா பாத்துல்லா உக்காருவேன். உடுப்புல அவர நான் எங்க பாத்தேன்? லீவுக்கு வரும்போது சட்டை வேட்டிதான். அழிக்கச் சொன்னது அவருதான்னு எனக்குத் தெரியாதே."

பிறகு லேபிளை மடிக்காமல் என் மடியில் வைத்தார்கள். "அவரு வேண்டாம்னா வேண்டாம்தான். நான் மாட்டேன்னுட்டேன்னு எழுதிரு. ஒனக்கு ஏன் வம்பு? ஒனக்கு இன்னும் சர்வீஸ் இருக்குல்லா."

அம்மாவுக்கு அந்தப் படம் வேண்டும் சார். வேண்டும் என்று சொன்ன வாயாலேயே உங்களுக்காக வேண்டாம் என்று சொல்லி, என் வேலைக்காகப் பழியையும் தன் மேல் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார்கள். அதை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இன்று காலை என் பெயரிலேயே சென்னைக்கு எழுதினேன், இதை நான் பரிந்துரைக்கவில்லை என்று. மதியம் சென்னையிலிருந்து போன்.

"மேடம், ஃபேமிலிக்கு அப்ஜெக்‌ஷனா?"

"இல்ல. எனக்கு."

"உங்களுக்கு என்ன மேடம்?"

அவனுக்கு என் மகன் வயது இருக்கும். உங்களிடம் நான் கேட்ட அதே கேள்விகளை இனி அவன் என்னிடம் கேட்பான். "அவர் விரும்பமாட்டார்" என்று மட்டும் சொன்னேன். மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னான்.

ஜெயித்த மாதிரி எதுவும் தோன்றவில்லை. நாளை அவர்களே வேறு ஆளை அம்மாவிடம் அனுப்பலாம். என்னையும் வேறு ஊருக்கு அனுப்பலாம். உங்களோடு வாதாடியே பழகியவள் நான். எதிரே ஆள் இல்லாமல், அதுவும் உங்கள் பக்கம் நின்று வாதாடுவது அலுப்பாக இருக்கிறது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வது சுலபம்தான் சார். சொல்லிவிட்டு மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வர எவ்வளவு தெம்பு வேண்டும் என்பதை நீங்கள் ஒருநாளும் எங்களுக்குக் காட்டிக்கொண்டதில்லை.

எனக்கு அந்தத் தெம்பு இருக்கிறதா என்று நாளைக் காலை தெரியும்.