நவமிக்கு முன் புறப்பட்ட பெட்டி

கடித இல. 214
இளவாலை
விசுவாவசு வருடம் புரட்டாதி 24 (2025 ஒக்ரோபர் 10), வெள்ளிக்கிழமை, முற்பகல் 9.10
பொருள்: ஒஸ்லோப் பயணத்தின் இறுதி ஆயத்தங்கள்

அன்புள்ள மகன் துஷாந்துக்கு,

கந்தன் கிருபையால் இங்கு நானும் உன் அம்மாவும் வீட்டில் சுகம். எனது பயணப் பெட்டி அயல்வீட்டில் சுகம். அங்கே ஒஸ்லோ எல்லிங்ஸ்ருட்டில் நீ, மருமகள் தர்மிகா, பேத்தி சாருகா மூவரும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். பெட்டி ஏன் அயல்வீட்டில் என்று நீ புருவத்தை உயர்த்துவாய். ஆதலால் முறையாக எழுதுகிறேன்.

செப்ரெம்பர் 28, ஞாயிறு இரவு தொலைபேசியில், பயணத்தை இரண்டு நாள் பின்போட இயலுமா என்று கேட்டேன். நாங்கள் புறப்படும் நாள் ஒக்ரோபர் 14 செவ்வாய்க்கிழமை. காலையில் அட்டமி, பகலில் நவமி. நீ ஒழுங்குசெய்த வான் வீட்டு வாசலுக்கு வருவதோ பிற்பகல் 3.30, நடு ராகு காலம். ஒரு மனிதன் வேண்டுமென்று தேடினாலும் இத்தனையும் ஒருசேர அமையாது. நீ கோபிக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "அப்பா, பிளேனுக்கு நவமி தெரியாது. வெள்ளிக்கிழமை பிள்ளையின்ரை பள்ளிக்கூடத்திலை அப்பப்பா அப்பம்மாவைக் கூப்பிடுற நாள். வராட்டி நீங்களே அவளுக்குச் சொல்லுங்கோ" என்று சொல்லி அவளிடமே தொலைபேசியைக் கொடுத்துவிட்டாய். அவள் என்ன சொன்னாள் என்று நீ பிறகு கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: "அப்பப்பா, போன வருசம் நான் பக்கத்து வீட்டு அன்ரியைக் கடன் வாங்கித்தான் கூட்டிக்கொண்டு போனனான். இந்த முறை ரெண்டு பேரின்ரை பெயரும் எழுதிக் குடுத்திட்டன்." அத்துடன் நாள் மாற்றும் பேச்சை விட்டுவிட்டேன்.

ஆயினும் சாத்திரத்தில் எதற்கும் ஒரு வழி உண்டு. நல்ல நேரத்தில் பயணப் பெட்டியை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கொள்ளப்படும். பிறகு ஆள் எந்த நேரத்தில் போனாலும் தோசமில்லை. பரஸ்தானம் என்பது அதுவே. அவ்வாறே 8ஆம் திகதி புதன்கிழமை, அச்சுவினி நட்சத்திரம், முற்பகல் 9.20க்கு எனது பெட்டியைத் தள்ளிக்கொண்டுபோய் அயலவர் டானியல் மாஸ்ரர் வீட்டு விறாந்தையில் வைத்தேன். நிறை 22.7 கிலோ, சங்கக்கடைத் தராசில் நிறுத்தது. பாலும் இறைச்சியும் நோர்வேக்குள் கொண்டுவரலாகாது என்ற விதியை இருமுறை வாசித்து, உன் அம்மா கம்பளிக் காலுறைக்குள் ஒளித்து வைத்திருந்த நெய்ப் போத்தலையும் கண்டுபிடித்து எடுத்துவிட்டேன். அவள் இன்றுவரை என்னுடன் பாதிதான் கதைக்கிறாள்.

பிழை ஒன்று நேர்ந்துவிட்டது. எதையும் மறக்கக்கூடாதென்று சவர செற், வாசிப்புக் கண்ணாடி, இரத்த அழுத்தக் குளிசை, நல்ல சாரம் இரண்டு எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். பரஸ்தானம் போன பொருள் வீட்டுக்குள் திரும்பி வரக்கூடாது. வந்தால் பயணம் திரும்பியதாகிவிடும். ஆகவே நான் நாள்தோறும் காலை 6.15க்கு மாஸ்ரர் வீடு சென்று சவரம் செய்து, குளிசை போட்டு, பத்திரிகை வாசித்துவிட்டு வருகிறேன். இக்கடிதமும் அவரது சாப்பாட்டு மேசையிலேயே எழுதப்படுகிறது. அவர்கள் வேதக்காரர், இம்முறை அறியார். மாஸ்ரரின் மனைவி அனஸ்ரேசியா முதல்நாள் தேநீர் தந்தார், இரண்டாம் நாள் புட்டும் தந்து, என்னதான் நடந்தாலும் உன் அம்மா சத்தியபாமா தங்கமான மனுசி என்று பொதுப்படச் சொன்னார். நேற்றுப் பின்னேரம் நம்மூர்ச் சோதிலிங்கம் சைக்கிளில் வந்திறங்கி, "அண்ணை, எழுபத்தாறு வயசிலை பெட்டியோடை வெளிக்கிட்டா சனம் என்ன சொல்லும்? அக்காவோடை நான் கதைக்கிறன்" என்றான். சமாதானம் பேச வந்திருக்கிறான். உன் அம்மா படலையில் நின்று, "பெட்டி மட்டும் எண்டாலும் வெளிக்கிட்டுதே எண்டு நான் சந்தோசப்படுறன் தம்பி" என்றாள்.

சோதிலிங்கம் வட நோர்வேயில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள் நின்றவன் என்பது உனக்குத் தெரியும். வந்த காரியம் பொய்த்ததால் எனக்கு வகுப்பு எடுத்தான். வீட்டுக்குள் சப்பாத்துடன் போகக்கூடாதாம். அது நமக்குப் புதிதல்ல. அழைத்த நேரத்துக்குச் சரியாகப் போக வேண்டுமாம்; அந்த நாட்டை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. "ரெயினிலை பக்கத்திலை இருக்கிறவனிட்டை எந்த ஊர் எண்டு கேட்டுப்போடாதேங்கோ, அடுத்த ஸ்ரேசனிலை இறங்கிவிடுவான்" என்றும் எச்சரித்தான். இன்று கடைக்குப் போன பேருந்தில் ஒருவருடனும் கதையாமல் பழகிப் பார்த்தேன். நடத்துநர் எனக்குச் சுகமில்லையா என்று விசாரித்தார்.

மகன், ஒன்று எழுத வேண்டும். 2018 ஏப்பிரல் 19, சாருகா பிறந்து பார்க்க வரவேண்டிய நாள். சந்திராட்டமம் என்று நின்றேன். 2019 யூலை 9 செவ்வாய், அட்டமி என்று நின்றேன்; உன் அம்மா தனியே வந்தாள். இரண்டும் பஞ்சாங்கப்படி சரி. ஆனால் முன்னும் பின்னும் நல்ல நாள்கள் இருந்தன, அவற்றையும் பார்த்துத்தான் இருந்தேன். முப்பத்தொரு ஆண்டு தபாலதிபராக இருந்து ஊர் முழுவதற்கும் வழி சொன்னவன், உன் வீட்டுக் கதவை எப்படித் திறப்பதென்று உன்னையே கேட்டு நிற்க மனம் கூசினேன். "இந்த மனுசனுக்குப் பஞ்சாங்கத்திலை நல்ல நாள் வராது, நல்ல சாட்டுத்தான் வரும்" என்று உன் அம்மா சொல்வதில் பிழையில்லை. இன்று காலையும் சும்மா புரட்டினேன். நாங்கள் அங்கு வந்திறங்கும் 15ஆம் திகதிக்கு ஒரு குறை கண்ணில் பட்டது. அதை இங்கு எழுதமாட்டேன்.

புதன்கிழமை விமான நிலையத்துக்கு எனக்கொரு தடித்த மேற்சட்டை கொண்டு வா. வாகனத்துக்குப் பனிக்கால ரயர் போட்டாயா என்று பார். தர்மிகா வேலையால் வந்து எங்களுக்கென்று பெரிதாகச் சமைக்க வேண்டாம். கதவு திறக்கும் முறையை முதல் நாளே, பிள்ளை இல்லாத நேரமாகக் காட்டித்தா. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மணிக்கு என்று சாருகாவிடம் கேட்டு வை. பத்து நிமிடம் முந்தி நிற்போம். உங்கள் பக்கத்து வீட்டு அன்ரிக்கு எமது நன்றியைச் சொல்.

மூவரும் நோய்நொடியின்றி நிறைவாக வாழ எங்கள் இருவரின் ஆசிகள். வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30க்குத் தொடங்கும், அதற்குள் முடிப்பதென்றிருந்தேன். இப்போது மணி 10.47. பேனையை வைக்கவில்லை.

இங்ஙனம்,
உன் அப்பா
வ. சிவானந்தன்
தபாலதிபர் (ஓய்வு)

இணைப்புகள் (தர்மிகாவின் சிநேகிதி கம்சாயினி நாளை சனிக்கிழமை புறப்படுகிறார்; ஞாயிறு அவர் கைவசம் கிடைக்கும்):
1. எமது பயணச்சீட்டுகளின் பிரதி – 2
2. விசாப் பக்கங்களின் பிரதி – 2
3. ஒடியல் மா – 1 பொதி
4. பனாட்டு, சாருகாவுக்கு மட்டும் – 1 பொதி
5. பெட்டியின் மாற்றுத் திறப்பு – 1
6. நடப்பு வருடப் பஞ்சாங்கம் – 1. வீட்டில் வேறு பிரதி இல்லை. நான் வந்து சேரும்வரை உன்னிடமே இருக்கட்டும்.