வராந்தாவில் கேட்ட கேள்வி

விருத்தாசலம்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள வளர்மதிக்கு,

செல்வநாயகி எழுதுவது. நீயும் அண்ணனும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். கார்த்திகை வருவதால் இவருக்குச் சூளையில் ஓயாத வேலை. பீங்கான் விளக்குகள் எங்கள் வாசல் வரை காய்கின்றன. சின்னவளுக்குச் சளி தேவலை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்காதே. போனில் சொன்னால் பாதியிலேயே நீ சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். எனக்கு இப்போது அது வேண்டாம்.

குழந்தை இறந்து பிறந்தால் நர்சுகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உங்கள் கமிட்டி எழுதிய கைடுலைனை, அச்சுக்குப் போகும் முன் எங்கள் பிரசவ வார்டில் நடத்திப் பார்க்கச் சொன்னாய் அல்லவா? படித்த அன்றைக்கே, ஒரு குறையும் இல்லை, அப்படியே அச்சடிக்கலாம் என்று மெசேஜ் போட்டேன். இருபது வருஷ சர்வீஸ் என்கிற திமிர்டி. அந்தப் பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் மங்கலம்பேட்டையிலிருந்து மஹிரா என்று ஒரு பெண் வந்தாள். முதல் பிரசவம். புருஷன் நவ்ஷாத் துபாயில். மாமனார் ஷபியுல்லா பாய்தான் கூட இருந்தார். பெண் குழந்தை, இறந்தே பிறந்தது. குழந்தையைப் பார்க்க, கையில் வாங்க விருப்பமா என்று குடும்பத்தாரிடம் கேட்கவும் என்று எழுதியிருந்தீர்களே, கேட்டேன். வராந்தாவுக்குப் போய்ப் பாயிடம் கேட்டேன். நம் பக்கத்தில் ரத்தம் ஏற்றுவதற்கும் ஆபரேஷனுக்கும் வெளியே நிற்கிற பெரியவரைத்தானே கேட்போம். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேணாம்மா, அந்தப் பொண்ணு தாங்கமாட்டா என்றார். பாசத்தில் சொன்னார், அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. குழந்தையைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். மஹிரா கதவுக்கு அந்தப் பக்கம் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

சில வாரம் கழித்துப் போனில் விசாரிக்கவும் என்றும் இருக்கிறதே. வியாழக்கிழமை கூப்பிட்டேன். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்டதற்கெல்லாம் ம் என்றாள். கடைசியில், சிஸ்டர், கொழந்தைக்கு தலையில முடி இருந்துச்சாங்க என்று கேட்டாள்.

இருந்தது, வளர்மதி. அடர்த்தியாக, நெற்றிவரை இருந்தது. நான்தானே துடைத்தேன். எனக்குத் தெரிந்தது பெற்றவளுக்குத் தெரியவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? டவர் இல்லம்மா, சரியா கேக்கல என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டேன். நன்றாகத்தான் கேட்டது. அது அவளுக்கும் தெரியும். அன்றிலிருந்து வார்டில் எந்தக் குழந்தைக்குத் தலை துவட்டினாலும் வெட்கத்தில் கூசிப் போகிறேன்.

குடும்பத்தாரிடம் என்பதை அடித்துவிட்டு, முதலில் தாயிடம், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவும் என்று போடச் சொல். அவள் பேசாமல் இருந்தால் காத்திருந்து மறுபடியும் கேட்கவும் என்றும் போடு. என்னைப் போல ஒருத்தி படிப்பாள் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

சாயங்கால பஸ்ஸில் மங்கலம்பேட்டை போகிறேன். வரலாமா என்று கேட்க முதலில் பாயின் நம்பரைத்தான் எடுத்தேன், பார்த்துக்கொள். அப்புறம் அதை விட்டுவிட்டு மஹிராவையே கூப்பிட்டேன். வாங்க என்றாள்.

அவள் என்ன கேட்டாலும் இந்தத் தடவை நான் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும் என்று உன் சாமியிடம் வேண்டிக்கொள்.

உன்,
செல்வநாயகி