சிவப்பு எழுத்து வரவில்லை

தேங்காய்ப்பட்டணம்
9.7.2012

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமிக்கும் பிள்ளைகளுக்கும் சுகம். ஃபாயிஸ் காய்ச்சல் விட்டு ஸ்கூலுக்குப் போகிறான். என்னைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை.

தம்மாமிலிருந்து நம் மருந்துக்கடைக் கணக்கைப் பார்க்க முடியவில்லை, கம்ப்யூட்டர் கேடாகிவிட்டதா என்று நேற்று முழுக்கப் போன் பண்ணினீர்கள். நான் எடுக்கவில்லை. எடுத்தால் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எழுதினால் கடைசிவரை வாசிப்பீர்கள். கம்ப்யூட்டருக்கு ஒரு கேடும் இல்லை. பாஸ்வேர்டை மாற்றியது நான்தான்.

ஆன்றோவின் அம்மா எலிசாவை உங்களுக்குத் தெரியும். இதயத்தில் வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நம் கடையில்தான் வாங்குகிறார். அப்படிப்பட்டவர்களின் பெயரையும் அவர்களுக்கு ஆகாத மருந்துகளையும், சாப்ட்வேர் போட்டுத் தந்த குமாரதாஸைப் பக்கத்தில் உட்கார வைத்து நான்தான் சாப்ட்வேரில் ஏற்றினேன். ஆகாததைப் பில் போட்டால் திரையில் சிவப்பு எழுத்து வரும், பில் நின்றுவிடும்.

போன வாரம் மாமியைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து எலிசா, வேறொரு டாக்டர் எழுதிய சீட்டோடு மூட்டுவலி மாத்திரைக்கு வந்திருக்கிறார். கடையில் நின்ற ததேயுஸ் அண்ணன், எலிசாவின் பெயரைக் கம்ப்யூட்டரில் அடித்தார். சிவப்பு வரவில்லை. கொடுத்துவிட்டார். அந்த இரண்டு மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும். இரண்டு நாள் கழித்து எலிசா ரத்தமாக வாந்தியெடுத்து, ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ததேயுஸ் அண்ணனை ஆட்கள் முன்னால் வாய்க்கு வந்தபடி ஏசினேன். "சத்தியமா செவப்பு வரல்ல மோளே" என்று அந்த மனுஷன் அழுதார். நானே அதே பெயரை அடித்துப் பார்த்தேன். வரவில்லை. குமாரதாஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ரசாக் அண்ணன்தான் சவுதியிலருந்து விளிச்சு அதை எடுத்துவிடச் சொன்னாரு அக்கா. ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்" என்றான்.

பில் நிற்பது அங்கிருந்து பார்க்கிற உங்களுக்கு வியாபாரம் போவதாகத் தெரிந்திருக்கிறது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற மனுஷி தெரியவில்லை. கடைச் சுவரில் மாட்டியிருக்கும் லைசென்ஸில் பார்மசிஸ்ட் என்று என் பெயர்தானே இருக்கிறது மச்சான்? படித்தது நான். நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியதும் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா? கம்ப்யூட்டர் வாங்க ரூபாய் அனுப்பியதால் மருந்தும் உங்களுக்குத் தெரிந்துவிடுமா?

எடுத்த சிவப்பு எழுத்தைத் திரும்ப வைத்துவிட்டேன். இனி யாராவது அதைத் தொட்டால் அன்றைக்கே நான் கடையை விட்டு இறங்கிவிடுவேன். இது கோபத்தில் எழுதுவதல்ல. ததேயுஸ் அண்ணனிடம் அதே ஆட்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

ரத்தம் ஏற்றி, எலிசா பிழைத்துக்கொண்டார். கஞ்சி குடிக்கிறார். தப்பு நம் கடையில்தான் என்று ஆன்றோவிடம் சொல்லிவிட்டேன். யாரால் என்று மட்டும் சொல்லவில்லை. இன்று காலை பார்க்கப் போனபோது எலிசா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்க மாப்பிள்ள எப்ப மக்கா வருவாரு?" என்று கேட்டார். பெருநாளுக்கு வருவார் என்று சொல்லியிருக்கிறேன்.

வாருங்கள். மீதியை அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதற்கான மனதை அல்லாஹ் உங்களுக்குத் தரட்டும்.

உங்கள்
ஷாஹினாஸ்