இரண்டாம் நம்பர் சட்டை

டில்லி, லோதி ரோடு
1979

சவரியின் அப்பாவுக்கு,

சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடு, வம்பு வேண்டாம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

இந்திய ரக்பி அணியில் எல்லாம் பட்டாளத்துக்காரர்களும் கல்கத்தா பையன்களும்தான். தமிழன் நம் பிள்ளை ஒருத்தன்தான். இரண்டு தடியர்களின் தோளில் கைபோட்டு நடுவில் நின்று முட்டும்போது மொத்தக் கூட்டமும் சரிந்து அவன் கழுத்து முறிந்தது.

அவன் போன எட்டாம் நாளே அணி மேனேஜர் வாசலில் வந்து நிற்கிறார். "ரெண்டாம் நம்பர் சட்டை ஆளுக்கில்லம்மா, நடுவுல நிக்கிற இடத்துக்கு. ஜல்தி குடுங்க, புதுப் பையன் போடணும்."

இடத்துக்கு ஆள் கிடைத்துவிட்டானாம். முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினேன். உடனே உங்களுக்கு எழுதிவிட்டார்.

அடக்கத்துக்கு நீங்கள் வந்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். அந்தச் சட்டையைப் போட்டுத்தான் அவனைப் புதைத்தேன். வேண்டுமானால் நீங்களே வந்து கழற்றிக் கொடுங்கள்.

அவனைப் பெற்றவள்