உப்பில்லாத எட்டு நாள்

அருகன் துணை

காஞ்சிபுரம்
14.9.2025

அன்புள்ள மருமகள் யாழினிக்கு அத்தை இந்திரா எழுதுவது. நீயும் பேத்தி தீபிகாவும் ஓசூரில் உன் அம்மா வீட்டில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

திரும்பி வரட்டுமா அத்தை என்று போனில் கேட்டிருந்தாய். நாலு நாளாகப் பதில் சொல்லவில்லை. பேசினால் பிள்ளை ரிஷப் காதில் விழும். ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குக் கீழேதான் என் பாய். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் கிரேஸ் சொல்லிவிட்டார், பயப்படாதே. எப்படி இங்கே வந்தான் என்று வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

ஏப்ரலில் அவன் ஆறு நாள் தூங்காமல், காந்தி ரோட்டில் பட்டுக்கடை வாசலில் நின்றுகொண்டு, கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்களை வழிமறித்து, ஒரு புடவைக்கு எத்தனை புழுவைக் கொதிக்க வைக்கிறார்கள் தெரியுமா என்று கத்தினான். நீ அழுதாய். நான் அழவில்லை. நம் சமணக் குலத்துக்கே உரிய ஜீவகாருண்யம் பிள்ளைக்கு முற்றிவிட்டது என்று பெருமைப்பட்டேன். அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. குழந்தையை வண்டியில் வைத்துக்கொண்டு அவன் கண்மண் தெரியாமல் ஓட்டி விழுந்த பிறகுதான் நீ கிளம்பினாய். நீ போனதில் தப்பே இல்லை.

நீ போன பிறகு அப்படியே படுத்துவிட்டான். குளிக்கவில்லை, பேசவில்லை, சுவரைப் பார்த்தே இரண்டு மாதம். வயலுக்கு அடிக்கும் மருந்து டப்பாக்களை உன் மாமா பங்காளி வீட்டுக்கு மாற்றிவிட்டார். ஏன் என்று எனக்கும் தெரியும்.

பைபோலார் என்று பேர் சொல்லி லித்தியம் மாத்திரை கொடுத்தார்கள். ஆகஸ்டில் கொஞ்சம் தெளிந்தான். தீபிகா ஸ்கூலுக்குப் போறாளா என்று அவனாகக் கேட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. தசலட்சண பர்வ நோன்பு வந்ததும், பத்து நாளும் அவனும் நானும் உப்பை விட்டு ஒரு வேளைச் சாப்பாட்டில் இருப்பதாக விரதம் எடுத்தேன். பொழுது சாய்ந்த பிறகு தண்ணீரும் கிடையாது. வேணாம்மா, மாத்திரை சாப்ட்டுக்கினு இருக்கேன் என்றான். பத்து நாள்தானேப்பா என்றேன். மறுக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

ஆறாம் நாள் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. பட்டினிக் களைப்பு என்றேன். மறுநாள் வாந்தி, நாக்குக் குழறல். வினை கழிகிறது என்று மாமாவிடம் சொன்னேன். எட்டாம் நாள் எழுந்து நிற்க முடியாமல் விழுந்தான். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டபோதும் விரதத்தைப் பெருமையாகத்தான் சொன்னேன். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உப்பும் தண்ணியும் குறைஞ்சா இந்த மருந்து ரத்தத்துல ஏறிடும்மா, சொல்லி அனுப்பினோமே என்றார். சொல்லித்தான் அனுப்பினார்கள். அச்சடித்த தாளும் கொடுத்தார்கள். அதைப் படிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தவள் நான்தான்.

இப்போது அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். வேறு மருந்து தரப்போகிறார்களாம், வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டுமாம். ஒழுங்காகச் சாப்பிட்டால் வேலை, குடும்பம் எல்லாம் நடத்தலாம் என்கிறார்கள். எனக்கு எதையும் நம்பும் தைரியம் போய்விட்டது. கை இன்னும் நடுங்குகிறது. நான்தான் சோறு ஊட்டுகிறேன். நேற்று, யாழினிகிட்ட சொல்லாதம்மா, அவ வந்துடப் போறா என்றான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏனாத்தூரில் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும்போதே அவனுக்கு இது வந்தது. மெட்ராஸுக்குக் கூட்டிப் போய்க் காட்டினோம். பெண் பார்க்க வந்தபோது, பையன் ஏன் ஒரு வருஷம் படிப்பை விட்டான் என்று உன் அப்பா நேராகவே கேட்டார். டைபாய்டு என்றேன். உண்மையைச் சொல்ல வந்த மாமாவை நான்தான் அடக்கினேன். ஒவ்வொரு வருஷமும் பர்வம் முடிந்து ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் நாளில், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள் என்று உன் எதிரே கைகூப்பி நின்றிருக்கிறேன். தெரிந்து செய்த இதை மட்டும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்த வருஷம் அந்த நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய்விட்டது. யாழினி, தெரிந்தேதான் செய்தேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே வராதே. இரக்கப்பட்டும் வராதே. அவனை நாங்கள் இருக்கிற வரைக்கும் பார்த்துக்கொள்கிறோம். எங்களுக்குப் பிறகு யார் என்று நீ கேட்காதே.

தீபிகாவைப் பற்றியும் டாக்டரைக் கேட்டேன். வரும் என்று சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது என்றார். அவள் வளர்ந்து பெரியவளானதும் நாலு நாள் தூங்காமல் சிரித்துப் பேசிக்கொண்டே திரிந்தால், என்னைப் போலப் பெருமைப்பட்டு உட்கார்ந்துவிடாதே. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ. நோயின் பேரை அவளுக்குச் சொல். அவளைப் பெண் கேட்டு வருகிறவர்களுக்கும் சொல்.

குழந்தை நூறு வயது இருக்கட்டும். என்னோடு நீ பேச வேண்டாம். ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாளா என்று மட்டும் தினமும் போனில் ஒரு வரி அனுப்பு.

இப்படிக்கு,
ரிஷபின் அம்மா
இந்திரா